முதியோர் உதவித்தொகைக்கும் அதே குறியீடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1977 பொதுத்தேர்தலில் முதன்முதலாக வாக்களித்து, அதன்பின் எந்த மக்களவைத் தேர்தலையும் தவறவிடாதவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அரசியல் சீர்திருத்தம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் தேர்தல் செலவு, வேட்பாளர்களின் குற்றப் பின்னணி என்றே விவாதம் செல்கிறது. அவையும் தேவைதான், என்னை உறுத்துவது வேறொரு கணக்கு.

நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியமும் முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியமும், விலையேற்றக் குறியீட்டையொட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை உயருவதற்கு 2018ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் வழி செய்யப்பட்டது. அதன்படி மாத ஊதியம் 1,00,000 ரூபாயிலிருந்து 1,24,000 ஆகவும், ஓய்வூதியம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆகவும் உயர்த்தப்பட்டு, 2025 மார்ச்சில் வெளியான அறிவிக்கையின் மூலம் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு வழங்கப்பட்டன. இதில் எனக்கு மனவருத்தம் ஏதுமில்லை. தங்கள் சம்பளத்தைத் தாங்களே மசோதா கொண்டுவந்து கூட்டிக்கொண்ட பழைய முறையைவிட இது நாகரிகமானது.

ஆனால் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகையைப் பாருங்கள். 1995இல் 75 ரூபாயில் தொடங்கிய அந்தத் தொகை 2006இல் 200 ரூபாயாயிற்று. 79 வயது வரை உள்ளவர்களுக்கு இன்றும் அதே 200 ரூபாய்தான்; 80 வயதைத் தொட்டால் 500 ரூபாய். தமிழ்நாட்டில் மாதம் 1,200 ரூபாய் கைக்கு வருகிறதென்றால், அது மாநில அரசு தன் கருவூலத்திலிருந்து போடுவதால்தான்.

அஞ்சல் துறையில் பணியாற்றிய நாட்களில் இந்தப் பணத்தை மணியார்டராகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். படிவத்தில் கைநாட்டு வாங்கிச் சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவதற்குள், வாங்கியவர் மைவிரலை மண்சுவரில் துடைத்துவிட்டு நோட்டுகளை இரண்டு முறை எண்ணி முடித்திருப்பார். இப்போது அதே போன்ற விரல்கள் கருவியில் பதியவில்லை, ரேகை தேய்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்படுகின்றன. மைக்குப் பொருந்திய விரல் இயந்திரத்துக்குப் பொருந்தவில்லை. அது தனிக் கடிதத்துக்கு உரிய விஷயம்.

என் கோரிக்கை ஒன்றே. உறுப்பினர்களின் ஊதியத்துக்கு எந்தக் குறியீடோ, அதே குறியீடு, அதே ஐந்தாண்டுக் கணக்கு, மத்திய அரசின் இந்தப் பங்குக்கும் பொருந்த வேண்டும். இது அரசுத் திட்டம் என்பதால், இதற்கு அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டிய அவசியமும் இல்லை; அமைச்சரவை முடிவெடுத்தால் போதும்.

அப்படியும் நடக்காமல் இருப்பதற்குக் காரணங்களில் ஒன்று, அரசை நெருக்க வேண்டிய நம் உறுப்பினர்களின் கை கட்டப்பட்டிருப்பது. 1967க்குப் பின் பெருகிய கட்சித் தாவலுக்குக் கடிவாளமிட 1985இல் அரசமைப்புச் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. நோக்கம் சரியானதே. ஆனால் எப்படி வாக்களிக்க வேண்டுமென்று கட்சியின் கொறடா ஆணையிட்டுவிட்டால், எந்த மசோதாவிலும் கட்சிக்கு மாறாக வாக்களிப்பவர் பதவியை இழக்க நேரிடும் என்ற நிலையில், தன் தொகுதி முதியோருக்காக ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் அவையில் உருக்கமாகப் பேசலாம். வாக்கெடுப்பு மணி அடித்ததும் தன் பேச்சுக்கு எதிராகவே பொத்தானை அழுத்த வேண்டும். அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டும் இந்தத் தண்டனை போதும் என்று தேர்தல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே பரிந்துரைத்தது. கட்சி மாறுவோரைத் தகுதிநீக்கம் செய்யும் விதி அப்படியே இருக்கட்டும். மற்ற வாக்கெடுப்புகளில் மனச்சாட்சிப்படி வாக்களிப்பதால் ஆட்சி கவிழாது.

உதவித்தொகையை உயர்த்துவது ஓர் ஆணையில் முடியக்கூடியது. கொறடா விதியைத் திருத்த இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. எளிதானதையாவது வரும் நிதிநிலை அறிக்கையிலேயே செய்யும்படி, எங்கள் தொகுதி உறுப்பினருக்கும் தனியே பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்