இசட்8-ஆ, இசட்50-2-ஆ?

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் நிக்கான் டி7200 கேமராவை மாற்றப்போவதாக எழுதியிருந்தாய். நிக்கான் இசட்6-3 வாங்கவா, இசட்8 வாங்கவா என்றும் கேட்டிருந்தாய். இசட்6-3 வேண்டாம். நல்ல கேமராதான், ஆனால் உன் வேலைக்கு ஒத்துவராது.

நீ எடுப்பதில் முக்கால்வாசி பறவைகள். லென்ஸ் அதே 200-500 மில்லிமீட்டர் டெலி. ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்தில் படகுக்காரர் எவ்வளவு ஒட்டி ஓட்டினாலும் ஆற்று ஆலா ஃப்ரேமில் சின்னதாகத்தான் விழும். லென்ஸும் தூரமும் மாறாதவரை, எந்த பாடியைப் (லென்ஸ் இல்லாத கேமராவை) போட்டாலும் படம் பதியும் சென்சார் மேல் விழும் பறவையின் அளவு மாறாது. ஆகவே அந்தத் துளி இடத்தில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்றுதான் பார்க்கவேண்டும். உன் டி7200, டிஎக்ஸ் என்கிற சின்ன சென்சாரில் 24 மெகாபிக்சலை அடைத்து வைத்திருக்கிறது. இசட்6-3-இல் கிட்டத்தட்ட அதே 24, ஃபுல்ஃப்ரேம் என்கிற பெரிய சென்சார் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. டிஎக்ஸ் அளவுக்கு வெட்டினால் 10 சொச்சம்தான் மிஞ்சும். இசட்8-இல் 45 இருப்பதால் வெட்டினாலும் 19 தேறும்.

ஃபுல்ஃப்ரேமில் நாய்ஸ், அதாவது மங்கிய வெளிச்சத்தில் படத்தில் விழும் புள்ளிகள், குறையுமே என்பாய். கபினி காட்டில் யானை ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து ஃப்ரேமை நிறைத்து நின்றால் குறையும். தூரத்துப் பறவையை வெட்டி எடுக்கிறாய் என்றால், அந்தத் துண்டின் மேல் விழுந்த வெளிச்சம் எந்த பாடியிலும் ஒன்றுதான். கடையில் இதை யாரும் சொல்லமாட்டார்கள், பெரிய பாடியை விற்பதுதானே அவர்கள் பிழைப்பு.

அப்புறம் எதற்கு மாற்றுவது? ஆட்டோஃபோகஸுக்காக. டி7200-இல் ஃபோகஸ் பார்ப்பது தனி சென்சார், படம் பதிவது வேறு சென்சார். இரண்டுக்கும் நூலிழை வித்தியாசம் இருந்தாலும் கண்ணுக்குப் பதில் கழுத்து இறகு கூர்மையாகும். இந்த இசட் கேமராக்கள் எல்லாம் மிரர்லெஸ், உள்ளே கண்ணாடி கிடையாது; இவற்றில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது, பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது. இசட்8 2023-இல் வந்தபோது பறவைக்கென்று தனி மோடு கிடையாது, 2024-இல் ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) வழியாகக் கொடுத்தார்கள். செகண்ட்ஹேண்டில் வாங்கினால் ஃபர்ம்வேரைப் பார்த்துக்கொள்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: இசட்50-2. 2024 கடைசியில் வந்தது. டிஎக்ஸ், 20.9 மெகாபிக்சல், பறவை மோடு உண்டு, மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 11 படம். விலை இசட்8-இல் மூன்றில் ஒரு பங்குகூட வராது. குறையும் உண்டு. எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சாரை வரிவரியாக மெதுவாகப் படிக்கும், அதனால் பறக்கும் பறவையின் சிறகு வளைந்து விழும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்று சட்டென்று பாயுமே, அதற்கு ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய கணங்களையும் சேமிக்கிற வசதி இருக்கிறது. ஆனால் அதுவும் எலக்ட்ரானிக் ஷட்டரில்தான், ஜேபெக்கில் மட்டும்தான், சென்சார் பதிந்தபடியே வைக்கும் ரா ஃபைலில் கிடையாது. இசட்8-இலும் இந்த வசதி ஜேபெக்கில்தான், ஆனால் மிக வேகமாகப் படிக்கும் ஸ்டாக்டு சென்சார் என்பதால் சிறகு வளையாது. மீன்கொத்தி பாய்வதே உனக்கு முக்கியம் என்றால் இசட்8-க்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

ஈஎம்ஐ போட்டு இசட்8 வாங்குவதாக இருந்தால் மட்டும் வேண்டாம். பாடியோடு நிற்காது. வேகமாக எடுக்க சிஎஃப் எக்ஸ்பிரஸ் கார்டு, 45 மெகாபிக்சல் ரா ஃபைல்களுக்கு ஹார்ட் டிஸ்க், அதைத் திறக்கத் திணறாத லேப்டாப் என்று நீளும். இசட்50-2 வாங்கி மிச்சத்தைச் சேர்த்து வைத்தால் நாளைக்கு இசட் 180-600 லென்ஸுக்கு ஆகும். என் யோசனை அதுதான். என் டி500 கேமராவைக் கேட்காதே, அதை நான் தருவதாக இல்லை.

முடிவு செய்வதற்கு முன் பெங்களூரில் ஒரு வாரக்கடைசிக்கு இரண்டையும் வாடகைக்கு எடுத்துப் பார். பழைய வகை லென்ஸான 200-500-ஐ இசட் பாடியில் மாட்ட எஃப்டிஇசட் அடாப்டர் வேண்டும், மறக்காமல் கேட்டு வாங்கு. நான் கொடுத்த பழைய 80-200 டி லென்ஸை அதில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, அந்த லென்ஸை ஓட்டும் மோட்டார் டி7200-க்குள் இருக்கிறது, அடாப்டரில் கிடையாது. அதற்காகவாவது டி7200-ஐ விற்காமல் வை.

அன்புடன்,
அப்பா