முயலுக்கும் நரிக்கும் பெரிய தோட்டா எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் புதிதாக நிலம் வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர், முயலும் நரியும் தொல்லை தருகின்றன, எந்த ரைபிள் வாங்கலாம் என்று உங்கள் கேள்வி-பதில் பகுதியில் கேட்டிருந்தார். .243-க்குக் (புள்ளியுடன் வரும் எண் குண்டின் விட்டம், ஏறத்தாழ அங்குலத்தில்) குறைந்து எதையும் வாங்காதீர்கள், நாளைக்கு மான் வந்தாலும் உதவும், சின்னத் தோட்டாவெல்லாம் பிள்ளைகள் பழகுவதற்கு என்கிற மாதிரி பதில் வந்திருந்தது. மேற்கு விக்டோரியாவில் செம்மறிப் பண்ணைகளுக்கு நடுவே குடியிருந்து, குட்டி போடும் பருவத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்காக நரி சுடப் போகிறவன் நான். அந்தப் பதிலை நம்பி அவர் ரைபிள் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அதில் கெடப்போவது அவருடைய பணம் மட்டுமல்ல, அடிபட்டும் சாகாமல் வளைக்குள் போய்க் கிடக்கும் விலங்கின் பாடும் அதில் இருக்கிறது.

முதலில் உதை. குண்டும் அதைத் தள்ளும் வெடிமருந்தின் புகையும் முன்னால் பாயும்போது அதற்கு ஈடாக ரைபிள் பின்னால் வருகிறது, அவ்வளவுதான் விஷயம். குண்டின் எடை, அதன் வேகம், மருந்தின் எடை மூன்றும் கூடக் கூட உதையும் கூடும். மூன்றரைக் கிலோ ரைபிளில் 55 கிரெய்ன் (சுமார் மூன்றரைக் கிராம்) குண்டு போட்ட .223 ரெமிங்டன் சுமார் 4 அல்லது 5 ஜூல் அளவுக்கு உதைக்கும் என்றால், அதே எடையுள்ள ரைபிளில் 100 கிரெய்ன் குண்டு போட்ட .243 வின்செஸ்டர் ஏறத்தாழ அதைப்போல் மூன்று மடங்கு உதைக்கும், .308 நான்கைந்து மடங்கு. பெரிய ஆளுக்கு இதெல்லாம் தாங்குகிற உதைதான், தோள் ஒன்றும் கழன்றுவிடாது. ஆனால் நரி வேட்டையில் தோளைவிட முக்கியம் கண்.

200 மீட்டரில் நிற்கும் நரியை நோக்கி .223-ஐச் சுட்டால் குண்டு போய்ச் சேரக் கிட்டத்தட்ட கால் விநாடி ஆகும். அந்தக் கால் விநாடியில் உங்கள் ஸ்கோப் (ரைபிள் மேல் இருக்கும் தொலைநோக்கி) எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. .308 என்றால், அதுவும் ஸ்கோப்பைப் பெரிதாக்கி வைத்திருந்தால், வட்டத்துக்குள் வானமும் மரக்கிளையும்தான் தெரியும், நரி விழுந்ததா ஓடியதா என்று பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும். .223-இலோ .204 ரூகரிலோ விலங்கு வட்டத்தை விட்டுப் போவதில்லை, குண்டு பட்ட இடத்தை நீங்களே பார்க்கலாம், தவறியிருந்தால் இடப்பக்கமா வலப்பக்கமா என்று மண் தெறிப்பதிலிருந்தே தெரிந்துவிடும், அடிபட்டும் விழாமல் நின்றால் உடனே இரண்டாவது குண்டைச் சரியாக வைக்கலாம். அமெரிக்காவில் மொன்டானா, தெற்கு டகோட்டா புல்வெளிகளில் பிரெய்ரி நாய் (பெயர்தான் நாய், வளையில் வாழும் அணில் இனம்) சுடுகிறவர்கள் நாள் முழுக்கச் சுட வேண்டியிருப்பதால் சிறு தோட்டாவையே விரும்புகிறார்கள். தன் குண்டு விழுவதைத் தானே பார்க்க வேண்டும் என்பதும் அவர்கள் விருப்பத்துக்கு ஒரு பெரிய காரணம்.

இன்னொரு கேடு உண்டு, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. உதைக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் விசையை அழுத்தும் கணத்திலேயே தோள் சுருங்கும், கண் மூடும், கை இழுக்கும். வீரத்தால் இதை வெல்ல முடியாது, உடம்பு தானாகச் செய்வது. சத்தமும் இதில் சேரும். அதனால்தான் புதியவர்களிடம் காது மூடியைப் போடாமல் ஒரு குண்டுகூடச் சுடாதீர்கள் என்று சொல்கிறேன், .223-உம் காதைக் கெடுக்கும் சத்தம்தான். குழல் முனையில் பிரேக் (புகையைப் பக்கவாட்டில் திருப்பும் துளையிட்ட துண்டு) மாட்டினால் உதை குறையும், ஆனால் சத்தமும் காற்றடியும் பக்கவாட்டில் திரும்பி முகத்தில் வந்து அறையும், முயல் சுடுகிற தோட்டாவுக்கு அது தேவையே இல்லை. அதைவிட ரைபிளைக் கொஞ்சம் கனமாக வாங்குவது மேல். ஒரே தோட்டாவுக்கு மூன்று கிலோவிலிருந்து நான்கு கிலோவுக்குப் போனால் உதையின் ஆற்றல் கால் பங்கு குறைந்துவிடும். வண்டியில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு ஒரு கிலோ ஒரு பாரமா?

சரி, எந்தத் தோட்டா? அது தூரத்தைப் பொறுத்தது, விலங்கைப் பொறுத்தது, பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

முயல் மட்டும்தான், அதுவும் 50 மீட்டருக்குள் என்றால் சாதாரண .22 லாங் ரைபிள் போதும். ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்சானிக் தோட்டா போட்டால் சத்தமும் குறைவு, தலையில் அடித்தால் கறியும் கெடாது. ஆனால் ஒன்றை அந்த வாசகர் கவனிக்க வேண்டும். சின்னது என்பதால் .22 பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த மெதுவான ஈயக் குண்டு கல்லிலும் காய்ந்த தரையிலும் தண்ணீரிலும் பட்டுத் தாவிப் போவதற்குப் பேர்போனது, அண்ணாந்து விட்டால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் போகும். வேகமான .223-இல் மெல்லிய உறையுள்ள 40 முதல் 55 கிரெய்ன் வரையிலான குண்டு போட்டால் தரையில் பட்டதும் பெரும்பாலும் உடைந்து சிதறிவிடும். எதைச் சுட்டாலும் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும் என்பதில் மாற்றமே இல்லை, ஆனாலும் பக்கத்தில் வீடு இருக்கிறவர் இதை யோசிக்க வேண்டும்.

.17 எச்எம்ஆர் 2002-இல் வந்தது. .22 மேக்னத்தின் கழுத்தைச் சுருக்கிச் செய்தது, 17 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 2,550 அடி வேகத்தில் போகும், உதை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. காற்றில்லாத மாலையில் 120 மீட்டர் வரை முயலுக்கு இதைப்போல் வேறு இல்லை என்பேன். காற்றடித்தால் கதை வேறு. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்றில் 100 மீட்டரில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும், அதே காற்றில் .223 மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத்தான் நகரும். எங்கள் பக்கத்துச் சமவெளியில் காற்றில்லாத நாள் அரிது. நரியை .17 எச்எம்ஆரால் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை. அந்தக் குண்டு மெல்லியது, தோள் எலும்பில் பட்டால் ஆழமாக இறங்காமல் மேலேயே உடைந்துவிடும், நரி ஓடிப்போய் எங்கோ சாகும்.

நரியும் சேர்ந்தால் என் பதில் .223 ரெமிங்டன்தான். 1950-இல் வந்த .222-ஐ நீட்டி உருவாக்கியது, ராணுவத்தின் 5.56-க்கு அண்ணன் தம்பி முறை, அதனால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், சென்டர்ஃபயர் (ஊசி அடிப்பாகத்தின் நடுவில் அடித்து வெடிக்கும்) ரைபிள் தோட்டாக்களில் விலை குறைந்ததும் இதுதான். விலை குறைவு என்பது சின்ன விஷயமில்லை, தோட்டா மலிவாக இருந்தால்தான் ஆள் காகிதத்தில் சுட்டுப் பழகுவார். .204 ரூகர் இன்னும் கொஞ்சம் குறைவாக உதைக்கும், 32 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 4,000 அடிக்கு மேல் வேகத்தில் போகும், நல்ல தோட்டா, ஆனால் சின்ன ஊரில் தேடித்தான் வாங்க வேண்டும். .22 ஹார்னெட் பழைய பண்ணைகளில் இன்னும் இருக்கிறது, 150 மீட்டருக்குள் இனிமையான தோட்டா. .22-250 நரியை 300 மீட்டரிலும் வீழ்த்தும், உதை .223-ஐவிட ஒன்றரை மடங்கு, மருந்து அதிகம் எரிவதால் குழல் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் தேயும்.

ஆனால் 300 மீட்டர் எதற்கு? அடிபட்ட முயல் கத்துவதுபோல் விசில் ஊதினால் (இங்கே தகரத்தில் செய்த டென்டர்ஃபீல்ட் விசில் என்று ஒன்று விற்கிறார்கள்) நரி தானாகவே ஐம்பது அறுபது மீட்டருக்கு ஓடிவரும். காற்று நம் முகத்துக்கு வரும்படி உட்கார்ந்து பொறுமையாக ஊதத் தெரிந்தவனுக்குப் பெரிய தோட்டா வேண்டியதில்லை. இந்தக் கலையைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

"நாளைக்கு மான்" என்ற யோசனையும் நிற்காது. விக்டோரியாவில் பெரிய மான் என்றால் சாம்பார், நம் ஊர்க் கடமான்தான், 1860-களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விட்டது. அதை வேட்டையாட .243-ஐவிடப் பெரிய தோட்டா வேண்டும் என்பது இங்குள்ள வேட்டை விதி. .243 அதற்குச் செல்லாது. ஆக, அவர் வாங்கும் ரைபிள் முயலைச் சிதறடிக்கும், கடமானுக்கும் ஆகாது.

உரிமம் பற்றியும் பதிலில் ஒன்றும் இல்லை. டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் சுட்டு 35 பேர் கொல்லப்பட்ட பிறகு 1996-இல் நாடு முழுக்க வந்த ஒப்பந்தப்படி, .22, .17 எச்எம்ஆர் போன்ற ரிம்ஃபயர் (ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்கும்) ரைபிள்கள், தானாகத் தோட்டா ஏற்றாதவையாக இருந்தால், ஏ வகுப்பு, .223 போன்ற, ஒவ்வொரு முறையும் கையால் தாழ் இழுத்துத் தோட்டா ஏற்றும் சென்டர்ஃபயர் போல்ட் ஆக்‌ஷன் பி வகுப்பு. பி வகுப்புக்கு அது ஏன் வேண்டும் என்று தனியாகக் காரணம் காட்ட வேண்டும். தற்காப்பு என்று எழுதினால் கிடைக்காது, பண்ணையில் நரித் தொல்லை என்பது செல்லும் காரணம். இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பதும் சட்டம்தான்.

ஈயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுட்ட முயலை அப்படியே வயலில் போட்டுவிட்டு வருவது இங்கே வழக்கம். அதை ஆப்புவால் கழுகு வந்து தின்கிறது, உடைந்த குண்டின் ஈயத்துகளும் சேர்ந்து உள்ளே போகிறது. தென்கிழக்கு ஆஸ்திரேலியக் கழுகுகளின் உடலில் ஈயம் இருப்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். கலிபோர்னியா காண்டோர் கழுகுகள் இதனால் செத்ததால்தான் அந்த மாநிலம் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது. .223-க்கு ஈயமில்லாத குண்டுகள் நன்றாகவே வருகின்றன, விலை கொஞ்சம் கூட. .22-க்கு அவ்வளவு துல்லியமானவை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, அதனால் சுட்டதை எடுத்துவந்து புதைக்கிறேன்.

அப்புறம், துப்பாக்கியால் மட்டும் முயல் ஒழியாது. 1859-இல் வின்செல்சீ அருகே பார்வன் பார்க்கில் ஒருவர் வேட்டைச் சுகத்துக்காக இருபது முப்பதுக்குள் முயல்களை விட்டார், அதன் வம்சம்தான் கண்டத்தை மூடியது. 1950-இல் முயல்களைக் கொல்லும் மிக்சோமடோசிஸ் நோய்க் கிருமியை விட்டும், பிறகு காலிசி வைரஸ் வந்தும்கூட இன்னும் நிற்கிறது. வளைகளை டிராக்டரால் கிழித்து மூடுவதுதான் அடிப்படை வேலை, சுடுவது அதற்குப் பிறகு மிஞ்சியவற்றுக்கு. குட்டிகள் வளைக்குள் இருக்கும் பருவத்தில் தாயை மட்டும் சுட்டுவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த வாசகர் கடைக்குப் போகும் முன் பக்கத்துச் சுடும் கழகத்துக்குப் போகட்டும். அங்கே .223-உம் .243-உம் வைத்திருப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள், கேட்டால் மேற்பார்வையில் சுட்டுப் பார்க்க விடுவார்கள். ஒரே இலக்கைப் பார்த்து இரண்டிலும் சில குண்டுகள் சுட்டு, ஒவ்வொன்றிலும் குண்டு காகிதத்தில் விழுவது ஸ்கோப்பில் தெரிந்ததா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். 200 மீட்டருக்கு ஸ்கோப்பைச் சரிசெய்தால் 100 மீட்டரில் .223 குண்டு சுமார் 5 சென்டிமீட்டர் மேலே படும் என்பதையும் அங்கேயே பார்த்துவிட்டு வரட்டும், முயலின் தலை அதைவிடப் பெரிதல்ல.

இப்படிக்கு,
மேற்கு விக்டோரியாவிலிருந்து உங்கள் வாசகன்