மரப்பொம்மைக்கு வகுப்பறையில் ஓர் இடம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்து ஒன்றாம், இரண்டாம் வகுப்பறைகளில் மரப்பொம்மைகளுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கப் போகிறோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "செல்போன் பார்த்து வளர்கிற பிள்ளைகள் இதையெல்லாம் தொடுமா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவும், உங்களிடம் சில உதவிகள் கேட்கவுமே இந்தக் கடிதம்.

பிள்ளைகள் தொடுகிறார்கள். போன மாதம் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை தம் வீட்டிலிருந்து ஓர் ஓலைப்பெட்டி நிறையச் சொப்புச் சாமான் கொண்டுவந்தார். அம்பாசமுத்திரத்தில் கடைந்தவை. அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு எல்லாம் விரல் நீளத்தில். முதல் நாள் சோறும் குழம்பும் கொதித்தன. இரண்டு நாள் கழித்து நான் எட்டிப் பார்த்தபோது, ஓலைப்பெட்டி பாபநாசம் போகும் பேருந்தாகி இருந்தது. குழவி ஓட்டுநர், குடங்கள் பயணிகள். "கூட்டம் ஜாஸ்தி, இறங்குங்க" என்று ஒரு சிறுமி இரண்டு குடங்களை இறக்கிவிட்டாள். மீதி எத்தனை பேர் என்று பக்கத்திலிருந்த பையன் எண்ணினான். இறங்கியவர்களுக்குப் பாதி டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டுமா என்று ஒரு வழக்கு எழுந்து, அவர்களுக்குள்ளேயே தீர்ந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு குழந்தை அன்று நடத்துநர்.

பொத்தானை அழுத்தினால் பாடுகிற பொம்மை தன் பாட்டைப் பாடி முடிக்கும், குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும். மரக்குடம் தானாக எதுவும் செய்யாது. அதை நடக்கவைப்பது, பேசவைப்பது, அழவைப்பது எல்லாம் குழந்தையின் வேலை. எங்களுக்கு மரப்பொம்மை வேண்டியிருப்பது இதற்காகத்தான். மழலை வகுப்பில் கற்றுத்தர நாங்கள் பாடுபடுகிற பேச்சும் எண்ணமும் கணக்கும் அங்கே கூப்பிடாமலேயே வந்துவிடுகின்றன.

இது புது ஆசை இல்லை. தச்சன் செய்துதந்த சிறு குதிரைத்தேரில் ஏறிப்போக முடியாவிட்டாலும், அதைக் கையால் இழுத்தே இன்பம் அடையும் சிறுவர்களைக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் காட்டுகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் உருட்டுவது மூன்று கால் சிறுதேர். நம் வீட்டு நடைவண்டிக்கும் மூன்று சக்கரந்தான்.

1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றிய மரியா மாண்டிசோரியின் கல்விமுறையில் பத்து மரக்கட்டைகள் உண்டு. மிகச் சிறியது ஒரு சென்டிமீட்டர் கனசதுரம், மிகப் பெரியது பத்து சென்டிமீட்டர். சிறிய கட்டையை இரண்டு விரலால் எடுக்கலாம். பெரியதைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். சிறியது ஆயிரம் சேர்ந்தால்தான் பெரியதன் கன அளவு வரும். அந்தக் கணக்கைக் குழந்தை பல வருடம் கழித்துப் படிக்கட்டும், அதன் கை இப்போதே தெரிந்துகொள்கிறது. செல்போன் திரையில் எந்தக் கட்டைக்கும் கனம் கிடையாது.

நல்ல மரப்பொம்மை எப்படி உருவாகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறோம். கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் வெப்பாலை மரத்தைக் கடைசல் பட்டறையில் சுழலவிட்டு உளியால் உருவம் எடுக்கிறார்கள். சுழன்றுகொண்டிருக்கும்போதே நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். பிறகு தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு ஏறும். தூரிகையே வேண்டாம். வாய்ப்புக் கிடைத்தால் ஐந்தாம் வகுப்பு மாணவர்களை அம்பாசமுத்திரத்துக்கே அழைத்துப்போய் ஒரு பட்டறையைக் காட்ட விரும்புகிறேன்.

இனி உங்களிடம் கேட்பது. பரணில் பழைய மரச்சாமான் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பெயிண்ட் உரிந்து வருவதாக இருந்தால் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பார்கள். தச்சுவேலை செய்யும் அப்பாக்கள் வெட்டி மீந்த வேம்பு, தேக்குத் துண்டுகளை உப்புத்தாள் போட்டு, முனை மழுக்கித் தந்தால் அதைவிட நல்ல பொம்மை எங்களுக்கு வேண்டாம். வர்ணம் பூசாமலே கொடுங்கள். ஒட்டுப்பலகைத் துண்டு மட்டும் வேண்டாம், விளிம்பில் சிலாம்பு ஏறும்.

பம்பரம் விடத் தெரிந்த தாத்தாக்கள் யாராவது மாலையில் ஒரு மணி நேரம் வந்தால் மகிழ்ச்சி. ஆணி இருப்பதால் அது நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு மட்டும், மைதானத்தில், ஆசிரியர் முன்னிலையில்.

புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. நவராத்திரிக் கடைகளில் வாங்குவதாக இருந்தால், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு என்பதால் கையால் செய்த பொருளில் முத்திரை இல்லாமலும் இருக்கும். அங்கே உங்கள் விரலை ஓட்டிப் பாருங்கள். ஈரத்துணியால் துடைத்து, சாயம் போகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட தம்பி, தங்கை இருந்தால் சொப்புச் சாமானை அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கிவிடுவார்கள்.

தர விரும்பும் பொருள்களை விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அடியில் பென்சிலால் பிள்ளையின் பெயர் எழுதியிருக்கட்டும். ஆண்டு முடிவில் திரும்ப வேண்டும் என்பவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். பதிவேட்டில் குறித்துவைத்துத் திருப்பித் தருவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்