மாலை ஆறரைக்கு ஓர் அறை வேண்டும்

மதுரையின் பொது நூலகங்களையும் தமிழ் அமைப்புகளையும் நடத்திவரும் பெரியோர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலையில் என் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பது பேர் கூடுகிறார்கள். அத்தனை பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள். கதையோ கவிதையோ ஒன்றைச் சத்தமாக வாசிக்கிறோம், பேசுகிறோம், பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுகிறோம். அங்கே நான் கண்டதைச் சொல்லி உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்களில் ஒருவர் உசிலம்பட்டித் தடத்தில் வெகுகாலம் பஸ் கண்டக்டராக இருந்தவர். முதல் வாரம் அவர் எழுதி வந்த கட்டுரை, கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான் என்று தொடங்கியது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி எழுதினால்தான் மதிப்பெண் என்று பிள்ளைகளுக்குப் பழக்கியவர்கள் நாங்கள். நானும் எத்தனையோ விடைத்தாள்களில் அந்தக் கதிரவனுக்குச் சிவப்பு மையில் ‘நன்று’ போட்டிருக்கிறேன்.

“டூட்டி முடிந்து பையைக் கழற்றிய பிறகு கையில் என்ன இருக்கும்?” என்று கேட்டேன்.

“சில்லறை வாடை இருக்கும், டீச்சர். சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையோடுதான் ராத்திரிச் சாப்பாடு.”

“அதை எழுதுங்கள்.”

“இதையெல்லாமா?”

அந்த ‘இதையெல்லாமா’வை அநேகமாக எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன். தன் வாழ்க்கையில் எழுதுவதற்கு ஏதும் இல்லை என்ற எண்ணம் நம் மக்களிடம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது. அடுத்த வாரம் அவர் அரைப் பக்கம் எழுதி வந்தார். மகள் சிறு குழந்தையாக இருந்தபோது, அவர் உருட்டிக் கொடுத்த சோற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காசு நாறுகிறது என்றாள். அன்றிலிருந்து மனைவிதான் ஊட்டினார். அவர் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் மாடியில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடைசியில் தந்தையின் தியாகம் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தார். அது வேண்டாம் என்றேன். அதுதானே கருத்து என்று இரண்டு வாரம் வாதாடினார். மூன்றாம் வாரம் தானே அதை அடித்துவிட்டு வந்து, “இப்போதுதான், டீச்சர், எனக்கே படிக்கும்போது ஏதோ செய்கிறது” என்றார். இந்த மூன்று வாரப் பாடத்தை ஒருநாள் பயிலரங்கில் யாராலும் கொடுக்க முடியாது.

இன்னொருவர் தையல்கார அம்மா. சித்திரைத் திருவிழா நெருங்கினால் கள்ளழகர் வேடமும் கருப்பசாமி வேடமும் போட்டு நேர்த்திக்கடன் செலுத்துபவர்களுக்கு உடை தைத்துக் கொடுப்பவர். ஒருநாள் குறுந்தொகையில் ஒரு பாட்டு வாசித்தோம். தினைப்புனத்துக் கிளிகளை ஓட்டத் தாய் எங்களை அனுப்பியிருக்கிறாள், புலி திரியும் வழியில் நள்ளிரவில் வராதே என்று தோழி தலைவனிடம் சொல்லும் பாட்டு. பகலில் எங்கே பார்க்கலாம் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறாள். அதைப் பாடியவர் மதுரைப் பெருங்கொல்லன் என்று சொன்னதும் தையல்கார அம்மா நிமிர்ந்தார். “கொல்லரா? பட்டறை வேலை முடித்து எந்த நேரத்தில் எழுதியிருப்பார்?”

பள்ளியில் இத்தனை ஆண்டுகள் அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அன்று இரவு உட்கார்ந்து மற்றப் பெயர்களையும் தேடிப் பார்த்தேன். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தானியம் விற்றவர். மதுரைப் பொன்செய் கொல்லன் வெண்ணாகனார் நகை செய்தவர். இந்த மூன்று தொழிலும் இன்றைக்கும் இதே ஊரில் விளக்குத்தூண் பக்கமும் கீழமாசி வீதியிலும் தெற்காவணி மூல வீதியிலும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. கடைக்காரர்களும் கணக்கு எழுதுகிறவர்களும் பட்டறைக்காரர்களும் இருக்கிறார்கள். ஷட்டரை இறக்கிவிட்டு எழுத உட்கார அவர்களுக்கு ஓர் இடம்தான் இல்லை.

1901-இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட ஊர், 1904-இல் பாரதி சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தமிழ் கற்பித்த ஊர் என்று மேடைதோறும் சொல்கிறோம். சொல்லட்டும், பெருமைதான். 2023 ஜூலையில் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபோது நாங்கள் எல்லாரும் சேர்ந்து போய்ப் பார்த்தோம். அத்தனை புத்தகங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கண்டக்டர் மெல்லிய குரலில் கேட்டார்: “இங்கே உட்கார்ந்து எழுதலாமா, டீச்சர்?” அந்தக் கேள்வியைத்தான் உங்கள் எல்லாரிடமும் கொண்டு வந்திருக்கிறேன்.

நூலகமோ, சங்கமோ, கிளை நூலகத்தின் ஒரு மூலையோ, எதுவானாலும் சரி. வாரத்தில் ஒரு மாலை, ஆறரையிலிருந்து எட்டரை வரை ஓர் அறையைப் பெரியவர்களின் எழுத்து வகுப்புக்கு ஒதுக்குங்கள். பகலில் வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் வர மாட்டார்கள். எட்டரைக்கு மேல் போனால் பெண்கள் வர மாட்டார்கள். வீடு திரும்பப் பஸ் வேண்டும். வயது வரம்பு வைக்காதீர்கள், சான்றிதழ் கேட்காதீர்கள். வெளியூரில் ஒரு பயிலரங்குக்குத் தையல்கார அம்மா விண்ணப்பம் அனுப்பியபோது, முப்பது வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளுக்கு மட்டும் என்று பதில் வந்தது. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அந்த மாதம் முழுவதும் மாடிக்கு வரவில்லை. நான் நேரில் போய்த்தான் அழைத்து வந்தேன்.

போட்டியும் கேடயமும் வேண்டாம். எங்களில் ஒருவர் அஞ்சல்வழியில் தமிழ் எம்.ஏ. முடித்தவர். அந்தப் படிப்பில் ஒரு பாட்டைக்கூட வாய்விட்டு வாசித்ததில்லை என்றும், தேர்வுக்கு வரும் பகுதியை மட்டும் படித்ததாகவும் வருத்தத்தோடு சொல்வார். தேர்வுக்குப் பயந்து படித்த இலக்கியம் வாழ்க்கைக்குள் வருவதில்லை. நடத்துபவருக்கு மட்டும் ஒரு மதிப்பூதியம் கொடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. ஓய்வூதியக்காரர்களின் ஆர்வத்தை மட்டும் நம்பியிருந்தால் வகுப்பு எங்கள் முழங்கால் வலியோடு முடிந்துவிடும். எழுதுகிற இளைஞர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் வந்து நடத்தட்டும்.

இன்னும் ஒன்று. 2022 முதல் நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்து கற்பிக்கிறார்கள். என் தெருவில் காய்கறி விற்கும் அக்காவும் அப்படிக் கற்றவர். கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்த நாளில் என்னிடம் வந்து காட்டினார். கீழடியில் பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று கீறப்பட்டதும் பெயர்கள்தாம். பெயரில்தான் எல்லாருக்கும் எழுத்து தொடங்குகிறது. ஆனால் அந்த அக்காவுக்குப் பெயருக்கு அடுத்து என்ன எழுதுவது என்று சொல்ல ஆள் இல்லை. அவரும் வந்து உட்காரக்கூடிய வகுப்பாக அது இருக்க வேண்டும்.

பாய், நோட்டு, பேனா எல்லாம் நாங்களே கொண்டுவருகிறோம். அறையைப் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறோம். முடிவு எடுப்பதற்கு முன் உங்களில் யாராவது ஒருமுறை வந்து பார்க்க விரும்பினால், எந்தச் சனிக்கிழமையும் ஆறரைக்கு மேல் வாருங்கள். மழை பெய்தால் மாடியில் இருக்க மாட்டோம். கீழே கூடத்தில் இருப்போம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருத்தி,
மதுரை