ஒருவர் முதுகில் 151 ஓவர்

ஜனவரி 2025

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிட்னி டெஸ்ட் மூன்றாம் நாளிலேயே முடிந்து, ஆஸ்திரேலியாவுடனான பார்டர் – கவாஸ்கர் கோப்பை 1–3 என்று கைவிட்டுப் போனதிலிருந்து ரசிகர்களின் கோபமெல்லாம் இரண்டு பெயர்களைச் சுற்றியே இருக்கிறது. ரோஹித் சர்மா 5 இன்னிங்ஸில் 31 ரன். விராட் கோலி 9 இன்னிங்ஸில் 190 ரன். பெர்த்தில் அடித்த சதத்தை எடுத்துவிட்டால் மிச்ச 8 இன்னிங்ஸில் 90. மெல்போர்ன், சிட்னி ஆட்டங்களுக்காக விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து டி.வி. முன் உட்கார்ந்தவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால், அவர்கள் இருவரும் நாளைக்கே ஓய்வை அறிவித்தாலும் ஜூனில் தொடங்கும் இங்கிலாந்துத் தொடரில் இதே நிலைமை திரும்ப வரும் என்றுதான் அஞ்சுகிறேன். பந்துவீச்சின் சுமையைப் பங்கிட ஆளில்லாமல்தான் இந்தத் தொடரைத் தோற்றோம். ஸ்கோர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தாலே இது தெரியும்.

நம் முதன்மை வேகப்பந்து வீச்சாளர் ஜஸ்பிரித் பும்ரா பெர்த்தில் 30 ஓவர், அடிலெய்டில் 24, பிரிஸ்பேனில் 34 ஓவர் வீசினார். நவம்பர் 22 முதல் டிசம்பர் 18 வரை, ஏறக்குறைய நான்கு வாரத்தில் மொத்தம் 88 ஓவர். வாரத்துக்குச் சராசரி 22. அடுத்து மெல்போர்னில் ஒரே டெஸ்டில் 53.2 ஓவர். அதாவது, உடம்பு பழகியிருந்த வாரக் கணக்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த டெஸ்ட் டிசம்பர் 30 அன்று முடிந்தது. நடுவில் மூன்றே நாள். ஜனவரி 3 அன்று சிட்னியில் நாம் 185 ரன்னுக்குச் சுருண்டதால் அன்று மாலையே அவர் மீண்டும் பந்தைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் 10 ஓவரோடு முதுகுப் பிடிப்பு; ஸ்கேன் எடுக்கப் போனார். 162 ரன் இலக்கை ஆஸ்திரேலியா துரத்தியபோது அவரால் ஒரு பந்துகூட வீச முடியவில்லை.

வேகப்பந்து வீச்சாளர்களைப் பயிற்றுவிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. மொத்த ஓவர் எத்தனை என்பதைவிட, முந்தைய நான்கு வாரச் சராசரிக்கு மேல் ஒரே வாரத்தில் திடீரென்று எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் முதுகையும் தொடைத் தசையையும் பதம் பார்க்கும். பும்ராவுக்கு 2023 மார்ச்சில்தான் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. ஓட்டம் சின்னது, வேகமெல்லாம் கடைசி இரண்டு மூன்று அடியில் உடம்பை முறுக்கித் தோளிலும் இடுப்பிலும் இருந்து எடுப்பது. அப்படிப்பட்ட முதுகின் மேல் தொடர் முழுக்க 151.2 ஓவர்! 13.06 சராசரியில் 32 விக்கெட் எடுத்து, தோற்ற அணியில் இருந்துகொண்டே தொடர் நாயகன் விருதை வாங்கிய அந்த மனிதருக்கு நாம் நியாயம் செய்யவில்லை.

தொடரில் விழுந்த 81 ஆஸ்திரேலிய விக்கெட்டுகளில் 32 அவருக்கு, 20 சிராஜுக்கு. ஒரு ரன் அவுட் போக, மீதியை ஹர்ஷித் ராணா, ஆகாஷ் தீப், பிரசித் கிருஷ்ணா, நிதிஷ் ரெட்டி, மூன்று சுழல் பந்துவீச்சாளர்கள் என்று ஏழு பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். எதிரணியைப் பாருங்கள்: கம்மின்ஸ் 25, ஸ்காட் போலந்து 21, ஸ்டார்க் 18. இதில் போலந்து மாற்று ஆள். ஹேசில்வுட்டுக்குக் காயம் என்றதும் உள்ளே வந்து மூன்றே டெஸ்டில் 21 விக்கெட் எடுத்தார். வயது 35. விக்டோரியா அணிக்காக, அங்கத்திய உள்நாட்டுப் போட்டியான ஷெஃபீல்ட் ஷீல்டில் வருடக்கணக்கில் ஓவர் ஓவராக வீசி, ஒரே நீளத்தில் போட்டுப் போட்டுக் கை பழகியவர். நம் பெஞ்சில் அப்படி ஒருவர் இல்லை. முகமது ஷமி ரஞ்சியில் பெங்காலுக்கு ஆடித் திரும்பினார் என்று நம்பிக்கை வந்தது. முழங்கால் வீக்கத்தால் அதுவும் கைகூடவில்லை.

மூன்றாவது பவுலர் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்குப் பந்தையே பார்க்கலாம். நம் எஸ்.ஜி. பந்தில் ஆறு வரிசைத் தையலும் கையால் போடப்பட்டது. தையல் புடைத்து நிற்கும். ஆஸ்திரேலியாவில் ஆடும் கூக்கபுரா பந்தில் நடு இரண்டு வரிசைதான் இரண்டு பாதியையும் பிடித்திருக்கும். வெளியே உள்ள நான்கும் மெஷின் தையல். சீக்கிரம் படிந்துவிடும். முதல் 20, 25 ஓவருக்குள் புதுப்பந்துக்காரர்கள் எடுப்பதை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு 80 ஓவர் முடிந்து அடுத்த புதுப்பந்து வரும்வரை ரன்னைக் கட்டிப் போடுவது மூன்றாவது, நான்காவது பவுலரின் வேலை. நமக்கு ஓட்டை விழுந்தது அங்கேதான். டிராவிஸ் ஹெட் அடிலெய்டில் 141 பந்தில் 140, பிரிஸ்பேனில் 160 பந்தில் 152. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே இடம் கொடுத்தால் பாயின்ட் பக்கம் வெட்டித் தள்ளுவார் என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். தெரிந்தும் இடம் கொடுத்தோம். ஹர்ஷித் ராணா அடிலெய்டில் 16 ஓவரில் 86 ரன் கொடுத்தார். இரண்டாவது டெஸ்ட் ஆடும் இளைஞரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு முன்னால் அந்த இடத்துக்கு ஆள் தயார் செய்யாதவர்களைத்தான் கேட்க வேண்டும். ரன் கசியக் கசிய கேப்டன் திரும்பத் திரும்பப் பும்ராவைத்தானே அழைப்பார்?

இப்போது பேட்டிங்குக்கு வருகிறேன். பேட்டர்கள் களத்தில் நிற்கும் நேரம்தான் பவுலர்களின் ஓய்வு நேரம். பெர்த்தில் இரண்டாவது இன்னிங்ஸில் ஜெய்ஸ்வாலும் ராகுலும் முதல் விக்கெட்டுக்கு 201 ரன் சேர்த்து, அணி 130 ஓவருக்கு மேல் ஆடியது. பும்ராவும் சிராஜும் காலை நீட்டிப் படுத்திருந்துவிட்டு வந்து பந்துவீசினார்கள். 295 ரன் வித்தியாசத்தில் வெற்றி. அடுத்த டெஸ்டில், அடிலெய்டில் இரண்டு இன்னிங்ஸையும் சேர்த்தே 81 ஓவர். மழையால் பாதியில் நின்ற ஒன்று போக, தொடரில் நாம் ஆடிய ஒன்பது இன்னிங்ஸில் ஆறு 200-ஐத் தொடவில்லை. 2018–19 ஆஸ்திரேலியத் தொடரில் புஜாரா ஒருவரே 1,258 பந்துகளைச் சந்தித்து 521 ரன் எடுத்தார். அந்த ரன்களைப் போலவே, கம்மின்ஸையும் ஸ்டார்க்கையும் ஹேசில்வுட்டையும் அவர் களைக்க வைத்ததும், நம் பவுலர்களுக்கு வாங்கித் தந்த ஓய்வும் பெரிய சொத்து. அந்த வேலைக்கு இன்று அணியில் ஆள் குறிக்கப்படவே இல்லை.

கோலி எட்டு முறை ஆட்டமிழந்தார். எட்டும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்து, எட்டும் விக்கெட்டுக்குப் பின்னால் கேட்ச். நான்கு முறை போலந்து. இதை “ஃபார்ம் போய்விட்டது” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். நுணுக்கம் வேறு. இந்திய ஆடுகளத்தில் குட் லென்த்தில் விழும் பந்து பெரும்பாலும் ஸ்டம்ப் உயரத்துக்குத்தான் வரும். அதனால் இங்கே வளரும் பையன் பந்து எந்தக் கோட்டில் வருகிறது என்பதை மட்டும் பார்த்து ஆடப் பழகுகிறான். பெர்த்திலும் பிரிஸ்பேனிலும் அதே இடத்தில் விழும் பந்து ஸ்டம்புக்கு மேலே போய்விடும். அங்கே கோட்டோடு நீளத்தையும் பார்த்து விட வேண்டும். கோலி கிரீஸுக்கு வெளியே நின்று முன்காலைப் போட்டு ஆடுபவர். 2018இல் இங்கிலாந்தில் 593 ரன் குவிக்க அந்த முறைதான் கைகொடுத்தது. ஸ்விங் ஆவதற்கு முன்பே பந்தை எட்டிவிடலாம். ஆனால் பந்து எகிறும் ஆடுகளத்தில் வெளியே நின்றால் தீர்மானிக்கக் கிடைக்கும் நேரம் குறைந்துபோகும். கால் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, ஆறாவது ஸ்டம்ப் இருப்பதாகக் கற்பனை செய்யும் இடம் வரை போவதில்லை, கை மட்டும் போகிறது, பந்து மட்டையின் மேல்பாதியில் பட்டு ஸ்லிப்புக்குப் போகிறது. 2004இல் இதே சிட்னியில் சச்சின் கவர் டிரைவையே மூட்டை கட்டி வைத்துவிட்டு 241 நாட் அவுட் எடுத்தார். இந்தத் தொடரிலேயே ராகுல் கிரீஸுக்குள் நின்று, பந்தைக் கண்ணுக்குக் கீழே வரவிட்டு, தொட வேண்டாததைத் தொடாமல் பிரிஸ்பேனில் 84 எடுத்தார். வழி தெரியாமல் இல்லை.

மெல்போர்ன் தோல்விதான் மனத்தைவிட்டு அகலவில்லை. 114 ரன் எடுத்த நிதிஷ் ரெட்டியும் நம் வாஷிங்டன் சுந்தரும் எட்டாவது விக்கெட்டுக்கு 127 ரன் சேர்த்து ஃபாலோ ஆனிலிருந்து மீட்டு, பும்ரா ஆஸ்திரேலியாவை 91க்கு 6 என்று சாய்த்த டெஸ்ட் அது. அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 46 ரன்னில் லபுஷேன் கொடுத்த கேட்ச் நழுவியது. அவர் 70 வரை போனார். அன்று ஜெய்ஸ்வால் கையிலிருந்து மட்டும் மூன்று கேட்ச் நழுவியது. நாள் முடியும் நேரத்தில் லயன் கேட்ச் கொடுத்தபோது பும்ராவின் கால் கோட்டைத் தாண்டியிருந்தது, நோ பால். அத்தனை ஓவர் வீசிய கால் வேறு எங்கே விழும்? லயனும் போலந்தும் கடைசி விக்கெட்டுக்கு 61 ரன் சேர்த்தார்கள். கடைசி நாள் தேநீர் இடைவேளையில் 112க்கு 3 என்று டிரா கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ரிஷப் பந்த் ஹெட்டின் பந்தைத் தூக்கி அடித்து லாங் ஆனில் கேட்ச் கொடுக்க, கடைசி 7 விக்கெட் 34 ரன்னுக்குள் சரிந்தது. ஜெய்ஸ்வாலுக்கு, பந்து மட்டையில் பட்ட ஒலியைக் காட்டும் ஸ்னிக்கோவில் அசைவே இல்லாமல் அவுட் கொடுத்தது பற்றிப் பலர் குமுறுகிறார்கள். பந்து திசை மாறியது திரையில் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாவது நடுவர் அதை வைத்து முடிவெடுக்க விதியில் இடம் உண்டு. அந்த விவாதத்தில் சக்தியைச் செலவழிப்பது வீண்.

தயாரிப்புக்கு வருவோம். 2018இல் முதல் டெஸ்டுக்கு முன் சிட்னியில் நான்கு நாள் பயிற்சி ஆட்டம் இருந்தது. 2020இல் ஆஸ்திரேலியா ஏ அணியோடு மூன்று நாள் ஆட்டம் இரண்டு. இரண்டு முறையும் தொடர் நம் கையில். இந்த முறை டெஸ்ட் தொடருக்கு முன் வெளி அணியோடு ஒரு முதல்தர ஆட்டம்கூட இல்லை. நமக்குள்ளேயே பிரிந்து வாக்கா மைதானத்தில் ஆடிப் பார்த்ததோடு சரி. கான்பெராவில் பிங்க் பந்தோடு வைத்திருந்த இரண்டு நாள் ஆட்டத்தில் முதல் நாளை மழை கொண்டுபோயிற்று. வலைப்பயிற்சியில் சைடு ஆர்ம் என்ற எறிகருவியைக் கொண்டு எறிந்து 145 கி.மீ. வேகத்தை வரவழைத்துவிடலாம். ஆனால் ஓடி வரும் பவுலரின் மணிக்கட்டு தெரியாது, தையல் நிமிர்ந்து வராது, அவுட்டானால் போக வேண்டியதும் இல்லை. வேகத்துக்கு உடம்பு பழகும். பந்தை விடும் தீர்மானம் ஆட்டத்தில்தான் வரும்.

சுழலில் நடந்த குழப்பத்தையும் சொல்ல வேண்டும். பெர்த்தில் வாஷிங்டன், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. 106 டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த அஸ்வின் தொடரின் பாதியில் ஓய்வை அறிவித்துவிட்டுச் சென்னைக்கு விமானம் ஏறினார். அத்தகைய ஒருவருக்குக் களத்தில் ஒரு முறையான வழியனுப்புதல்கூட அமையாதது இங்கே எல்லாருக்கும் வலிக்கிறது.

லீட்ஸில் முதல் டெஸ்ட் ஜூன் 20. ஐ.பி.எல். மே மாதக் கடைசிவரை போகும் என்கிறார்கள். கையில் இருப்பது மூன்றரை வாரம். கிரிக்கெட் வாரியம் இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. இந்தியா ஏ அணியை முன்னதாகவே அனுப்பி, டெஸ்ட் அணியில் ஐ.பி.எல். பிளே ஆஃபுக்குப் போகாதவர்களை அதோடு சேர்த்து, இங்கிலாந்தில் ஆடும் டியூக்ஸ் பந்தில் நான்கு நாள் ஆட்டம் குறைந்தது இரண்டாவது ஆட வைக்க வேண்டும். டெஸ்டுக்கு என்று ஆறு வேகப்பந்து வீச்சாளர்களை இன்றே குறித்துக்கொண்டு, ஐ.பி.எல். நடக்கும்போதே அவர்கள் வலையில் வாரத்துக்கு 20 ஓவராவது சிவப்புப் பந்து வீசும்படி அணிகளோடு ஒப்பந்தம் போட வேண்டும். நாளுக்கு நான்கு ஓவர் வீசிப் பழகிய உடம்பை ஜூனில் திடீரென்று 20 ஓவர் வீசச் சொன்னால் சிட்னியில் நடந்ததுதான் நடக்கும். பும்ரா ஐந்து டெஸ்டும் ஆட வேண்டும் என்று ரசிகர்களாகிய நாமும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. எந்த டெஸ்டில் ஓய்வு என்பதைத் தொடருக்கு முன்பே தீர்மானித்துவிட்டால் மற்றவர்கள் அதற்கேற்பத் தயாராவார்கள்.

ரஞ்சி ஆடுகளங்களும் மாற வேண்டும். புல்லை விட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஈரமும் புல்லும் இருந்தால் 120 கி.மீ. வேகத்தில் போடுபவருக்குக்கூட ஐந்து விக்கெட் விழும். விக்கெட் கீப்பர் ஸ்டம்புக்கு ஒட்டி நிற்பார். அதில் வேகப்பந்து வீச்சாளர் உருவாக மாட்டார், எகிறும் பந்தை விடப் பேட்டரும் பழக மாட்டார். களிமண் இறுகி, உருளையால் கெட்டிப்பட்டு, பந்தை உயர எழுப்பும் ஆடுகளம் வேண்டும்.

கடைசியாக, உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ரஞ்சி கோப்பையின் இரண்டாம் கட்டம் ஜனவரி 23 அன்று தொடங்குகிறது. தமிழ்நாடு ஆடும் ஆட்டங்களுக்காவது முழு ஸ்கோர் கார்டை அச்சிடுங்கள். யார் சதம் அடித்தார் என்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு வேகப்பந்து வீச்சாளரும் எத்தனை ஓவர் வீசினார், அதில் எத்தனை மெய்டன், இரண்டாவது புதுப்பந்தை யார் எடுத்தார் என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
லீக் கிரிக்கெட்டைப் பின்தொடரும் வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை