செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்டோபர் 29, உலக பக்கவாத நாளையொட்டித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வாய் ஒரு பக்கமாகக் கோணுவது, தூக்கிய கைகளில் ஒன்று தளர்ந்து இறங்குவது, பேச்சு குழறுவது ஆகிய அறிகுறிகள் படங்களுடன் தெளிவாக விளக்கப்பட்டிருந்தன. ஆயினும் எங்கள் குடும்பம் அனுபவித்ததை வைத்துப் பார்க்கையில், இரண்டு செய்திகளுக்கு அதில் இன்னும் கூடுதல் இடம் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

என் அண்ணனுக்கு வயது 63. பல ஆண்டுகளாக ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர். நினைவு வந்தால் சாப்பிடுபவர் என்று சொல்வதே சரி. சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை கடைத்தெருவிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து ஒரு பையன் கூப்பிட்டு, “தாத்தா, உங்க செருப்பு” என்று இடது கால் செருப்பை நீட்டியிருக்கிறான். அது கழன்று விழுந்ததே தெரியாமல் வெறுங்காலுடன் இருபதடி நடந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்ற முயன்றபோது இடது கை விரல்களுக்குப் பொத்தான் பிடிபடவில்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வார் தேய்ந்த செருப்பின் மேல் பழியைப் போட்டு, மறுநாளே புதுச் செருப்பு வாங்கினோம்.

மூளைக்குச் செல்லும் ரத்தம் சற்று நேரம் தடைபட்டு, அடைப்பு தானாகவே விலகியதால்தான் அன்று அவர் தேறினார் என்பதைப் பின்னாளில் மருத்துவர் சொல்லக் கேட்டோம். இப்படி வந்து போவதை அடுத்து, சில நாட்களுக்குள்ளேயே முழுமையான பக்கவாதம் தாக்கும் அபாயம் அதிகமாம். நெஞ்சு வலித்தால் நடுராத்திரியிலும் வண்டி பிடித்து ஓடுகிறோம். இதில் வலியும் இல்லை, வந்ததும் போய்விட்டது என்பதால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எட்டாம் நாள் விடியற்காலை 5.30 மணிக்கு அண்ணி கொடுத்த காபி அண்ணனின் கடைவாய் வழியே வழிந்தது. பித்தமாக இருக்கும் என்று இஞ்சிச் சாறு கொடுக்கப் போக, அவருக்குப் புரையேறியது. ஒருவழியாகக் கார் பிடித்து 7.30 மணிக்கு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். அங்கே கேட்ட முதல் கேள்வி, “கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?” என்பதுதான். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குப் படுத்தார் என்றோம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பாதிப்பு தொடங்கிய 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்தால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அதன்படி நேரம் கடந்துவிட்டது என்று ஊசி போடவில்லை. சாயங்காலம்தான் அண்ணிக்கு நினைவு வந்தது: நாலரை மணிக்கு அண்ணன் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, “மழை தூறுதா?” என்று தெளிவாகக் கேட்டிருக்கிறார். காலையிலேயே அதைச் சொல்லியிருந்தால், ஸ்கேன் எடுத்து ஊசி போடலாமா என்று பார்க்கவாவது ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருந்திருக்கும். மருத்துவமனையின் மேல் எங்களுக்குக் குறையில்லை. நாங்கள் சொன்ன நேரத்தை வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்ய முடியும்.

தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் ரத்தநாளம் வழியே குழாய் செலுத்தி ரத்தக்கட்டை எடுக்கிறார்கள் என்றாலும், அந்த வசதி பெரிய மருத்துவமனைகளில்தான் உண்டு. அடைப்பா, ரத்தக்கசிவா என்பதை சி.டி. ஸ்கேன்தான் சொல்லும்; கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கேடாக முடியும் என்பதால் வீட்டில் மாத்திரை கொடுக்கக் கூடாது. விழுங்கும் சக்தி குறைந்திருக்கலாம் என்பதால் தண்ணீர்கூடக் கூடாது. பக்கவாதம் வந்தவரின் விரல் நுனிகளில் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் தவறான வாட்ஸ்அப் செய்தி எங்கள் குடும்பக் குழுவிலேயே மூன்று முறை வலம் வந்துவிட்டது, படித்தவர்கள்தாம் அனுப்புகிறார்கள். திடீரென்று தள்ளாடுவதும், பார்வை இரண்டாகத் தெரிவதும்கூட அறிகுறிகளாக இருக்கலாம். அவற்றைத் ‘தலைச்சுற்றல்’ என்று ஒதுக்கிவிடுவதே வழக்கமாக இருக்கிறது.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தப் படங்களை வெளியிடும்போது, ‘தானாகச் சரியானாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்க’ என்ற ஒரு வரியையும், 108 என்ற எண்ணையும், ‘கடைசியாக நன்றாக இருந்த நேரம்’ என்று எழுதி அதன் எதிரே ஒரு வெற்றுக் கட்டத்தையும் சேர்த்து, கத்தரித்து நாள்காட்டியின் பக்கத்தில் ஒட்டக்கூடிய அளவில் அச்சிட வேண்டுகிறேன். இரவும் பகலும் ஸ்கேன் வசதி இயங்கும் மருத்துவமனைகள் எவை என்று மாவட்டவாரியாகப் பட்டியல் தந்தால் இன்னும் பயன்படும். அன்று காரில் ஏறிய பிறகுதான் எங்கே போவது என்று எங்களுக்குள் விவாதம் தொடங்கியது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்.