அமலைச்செடியும் நஞ்சோடைத் தண்ணியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாமிரபரணியில அமலைச்செடி, அதான் ஆகாயத்தாமரை, அள்ளுத படம் நம்ம பேப்பர்ல மறுபடியும் வந்திருக்கு, வருஷா வருஷம் அதே படம்தான், ஜேசிபி மட்டும் வேற. 2023 டிசம்பர்ல குறுக்குத்துறை முருகன் கோயிலையே முக்கிட்டுப் போச்சே வெள்ளம், அதோட செடியும் ஒழிஞ்சிரும்னு பாத்தா திரும்ப முளைச்சு நிக்கு. முளைக்காம என்ன செய்யும், நாமதான தெனமும் உரம் போடுதோம், ஆத்துல விடுத கக்கூஸ் தண்ணில இருக்க நைட்ரஜனும் பாஸ்பரசும் வயல்ல போடுத யூரியா, டிஏபில இருக்க அதே சரக்குதான்.

சுத்திகரிப்பு நிலையம் இருக்குல்லாம்பீங்க. சாதாரண நிலையத்துல அழுக்கும் நாத்தமும் போவும், உரச்சத்து முழுசா போவாது. 2017-ல மத்திய அரசு இதுக்குப் போட்ட அறிவிக்கையில பிஎச்ங்கிற புளிப்பு-கார அளவு, பிஓடிங்கிற அழுக்கு அளவு, கலங்கி நிக்குற கசடு, மலக்கிருமி இவ்வளவுக்குத்தான் அளவு சொல்லிருக்கு, நைட்ரஜன் பாஸ்பரஸ் பேச்சே இல்ல. பரீட்சைக்கு வராத பாடத்த எவன் படிப்பான்.

அந்தச் சத்தப் பிடிக்க ஒரு வழி இருக்கு. எங்க அத்தான் தூத்துக்குடி உப்பளத்துல கணக்கு எழுதுனவர். உப்பு வாருனப்புறம் பாத்தியில மிஞ்சுற கசப்புத் தண்ணிய அங்க நஞ்சோடைத் தண்ணிம்பாவ, கால்ல புண்ணு இருந்து பட்டுச்சோ எரிச்சல்ல உயிர் போயிரும், அத வெட்டி விட்டுருவாவ. அதுல மெக்னீசியம் நெறைய இருக்கு சார். அம்மோனியாவும் பாஸ்பேட்டும் கெட்டியா இருக்க கழிவுத்தண்ணில இத ஊத்தி பிஎச்ச ஒம்பதுகிட்ட வச்சா மூணும் சேந்து ஸ்ட்ரூவைட்டுன்னு வெள்ளைப் பொடியா அடியில எறங்கிரும், மெதுவா கரையுத உரம் அது. பாஸ்பேட் நல்லா எறங்கும், அம்மோனியா கொஞ்சம் மிச்சம் நிக்கும்.

அதுக்காக சாக்கடை முழுக்க ஊத்துங்கன்னு சொல்லல, அதுல சத்து நீத்துப் போயிருக்கும், உப்பு வேற ஏறிரும், பிசான நெல்லுக்கு அந்தத் தண்ணிதான பாயுது. சுத்திகரிப்பு நிலையத்துல தங்குற வண்டலைச் செரிக்க வச்சுப் பிழியும்போது ஒரு கருந்தண்ணி வரும்லா, சத்து கூடி நிக்குறது அங்கதான், அங்க போடணும்.

அனல்மின் நிலையச் சாம்பலையும் போடலாம்லான்னு தெருவுல ஒரு தம்பி கேட்டான். சுண்ணாம்பு கூடுன சாம்பல்தான் பாஸ்பேட்டை நல்லாப் பிடிக்கும், நம்ம நாட்டு நிலக்கரிச் சாம்பல்ல சுண்ணாம்பு கம்மி, ஆர்சனிக் கசிஞ்சாலும் கசியும், குடிக்கிற ஆத்துகிட்ட எனக்கு அது வேண்டாம். நியூசிலாந்துல வையுக்குங்கிற ஊர்ல இரும்பு உருக்கும்போது மிஞ்சுற கசடுக் கல்லுல வடிகட்டி பாஸ்பரசைப் பிடிச்சு அஞ்சு வருஷம்போல நல்லா ஓட்டிருக்காவ, பெறகு அந்தக் கல்லு நெறஞ்சு பிடிக்கிறது கொறஞ்சு போச்சு. எதப் போட்டாலும் மாத்திக்கிட்டே இருக்கணும், அந்தச் செலவையும் இப்பவே எழுதி வைங்க.

இத ஒரு ஆபீஸ்ல போய்ச் சொன்னேன், மனுவா குடுங்கன்னாவ, குடுத்தாச்சு, நாலு மாசம் ஆச்சு. சோதனைக்கு ரெண்டு கேன் நஞ்சோடைத் தண்ணி அனுப்புதேன்னு அத்தான் போன் மேல போன் போடுதாரு, யார்கிட்ட எறக்கன்னு நீங்களாவது கேட்டு எழுதுங்க.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
மீனாட்சிபுரம், திருநெல்வேலி